எண்ணெய்த் துளையில் கிரீஸ்

மார்ச் 2, திங்கள்

இன்று காலை லேத் அறையில் இருந்தவர்கள்: நான், பெரியவன், அவன் பெண்டாட்டி, அவர்கள் மகள் குருவி, பழைய இரும்புக்காரர், அவர் கூட்டி வந்த இரண்டு தடியர்கள். எல்லாரையும் எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லவே இல்லை என்று சொல்லக்கூடாது.

இரும்புக்காரரைக் கூப்பிட்டது பெரியவன். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வந்து, என் வீட்டுக்காரர் இரும்பு கடைந்த லேத்தைச் சுற்றிப் பார்த்தார், காலால் தட்டினார். காலால். கடைகிற இரும்பைக் கவ்விச் சுழலும் ‘சக்’கைப் பிடித்துத் திருப்பினார், அசையவில்லை. செத்துப்போன மெஷின், உடைத்துத்தான் எடுத்துப் போகணும் என்றார். முதலில் உன் பல்லை உடைத்து எடுத்துக்கொண்டு போ என்று வாய்வரை வந்தது. குருவி நின்றதால் விழுங்கிவிட்டேன்.

அப்போதுதான் மருமகள் உள்ளே போனாள். லேத்தின் நீளமான அடிப்பாகம், ‘பெட்’ என்பார்கள், அதன் மேல் இருந்த தூசியை உள்ளங்கையால் தள்ளிவிட்டு, நகத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்துப் பார்த்தாள். "தேயவே இல்லையே அத்தை. இத எதுக்கு நிறுத்துனீங்க?" என்றாள்.

அவள் கடைசல் வேலை படித்தவள். வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். ஒரு பகல் முழுக்க ரயிலில் போகிற தூரத்தில் வேறொரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது, அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். போனால் குருவியையும் கூட்டிக்கொண்டு போவாள். பெரியவன் லாரியில் பாதி மாதம் ரோட்டில் இருப்பான். வீட்டில் நானும் சுவரும். போகாதே என்று நான் சொல்லவில்லை, போகப் பிடிக்கவில்லை என்று அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டே காலம் தள்ளிக்கொண்டிருந்தோம்.

இன்றைக்குச் சொன்னாள். என்னிடமா, லேத்திடமா, தெரியவில்லை. "இது ஓடுச்சுன்னா நான் போக வேண்டாம். பம்ப் கடைக்காரரு மெஷின் இருந்தா வீட்டுக்கே வேலை தரேன்னாரு."

இரும்புக்காரரைத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். மாதம் முடிவதற்குள் ஓட வேண்டும். 

மார்ச் 3, செவ்வாய்

மண்ணெண்ணெய், பழைய பனியன் துணி, பல் தேய்க்கிற பிரஷ் எல்லாம் சேர்த்தாயிற்று. பிரஷ் எல்லாம் பெரியவனுடையது. நேற்று வாங்கிய புதுசும்.

மார்ச் 5, வியாழன்

அப்பப்பா, என்ன ஒரு நாள்.

பெட்டின் மேல் பழைய எண்ணெய் காய்ந்து தேன் நிறத்தில் பூசினாற்போல் ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் போர்த்திவிட்டு, டீ குடித்து வந்து துடைத்தால், அடியில் இரும்பு பளிச்சென்று வருகிறது. பெட்டின் கோடியில் பூப்பூவாக ஒரு தடம். செய்தவன் கையால் சுரண்டிச் சமன் பார்த்த தடமாம். அது அழியாமல் இருந்தால் அந்த இடம் தேயவில்லை என்று அர்த்தமாம். இத்தனை வருஷம் நான் அதை அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தேன். மருமகள் குழந்தையின் கன்னத்தைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டே நின்றாள்.

பெரியவனுக்கு மனசு உறுத்தியிருக்கும் போல, உதவி செய்கிறேன் என்று துரு தேய்க்கிற எமரித் தாளை எடுத்துக்கொண்டு வந்து பெட்டைத் தேய்க்கப் போனான். அந்தத் தாளின் தூள் ஒரு துளி உள்ளே தங்கினால் போதும், மெஷின் ஓட ஓட அரம் மாதிரி அறுத்துக்கொண்டே இருக்கும். மருமகள் பிடுங்கிவிட்டாள். முதல்ல உங்க மூஞ்சில தேச்சுப் பாருங்க, நல்லா இருந்தா இதுல தேய்க்கலாம் என்றாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபத்தில் ஒன்று (என் கண்ணாடியின் மேல் உட்கார்ந்தது) இன்றோடு போயிற்று.

பிறகு எண்ணெய் விடுகிற இடங்களைக் காட்டினேன். வீட்டுக்காரர் கடைவார், நான் எண்ணெய் விடுவேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். காலையில் அவர் சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் குப்பியும் கையுமாக நான் ஒரு சுற்று வந்துவிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன்: சக் பக்கத்துப் பேரிங், பின் பேரிங், பல்சக்கரம், நீளத் திருகாணியின் இந்த முனை, அந்த முனை, உளியைத் தாங்கி நகர்கிற கேரேஜ், வால் பக்கம். மருமகள் ஒவ்வொன்றையும் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டாள். ஒன்றும் தப்பவில்லை.

ஒன்று தப்பியது. கேரேஜின் அடியில், கைச்சக்கரத்துக்குப் பின்னால், இரும்புச் சுருள் அடைத்துக்கொண்டு ஒரு பொடித் துளை. அவள்தான் படுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். அதற்கு நான் ஒருநாளும் எண்ணெய் விட்டதில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்றே அவரும் சொன்னதில்லை. இத்தனை வருஷம் பட்டினி கிடந்தே உழைத்திருக்கிறது, பாவம்.

மார்ச் 7, சனி

சக் இன்னும் அசையவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். இன்று மருமகளுக்கும் காட்டினேன்.

இரண்டு பேரிங்குக்கும் மேலே பித்தளைக் கிண்ணம் இருக்கிறது. அதில் எண்ணெய் நிற்கும். கம்பளி நூலில் திரி போட்டிருக்கும். திரி எண்ணெயை உறிஞ்சி, துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறக்கும். அந்தத் துளையில் கம்பியை விட்டேன். கிரீஸ் வந்தது. காய்ந்து, மெழுகு மாதிரி, புழுப் புழுவாக. கைக்குழந்தை வாயில் சோற்று உருண்டையைத் திணித்த மாதிரி, எண்ணெய் போகிற துளையில் கிரீஸைத் திணித்தால் பேரிங் என்ன ஆகும்? சூடாகிப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டது.

யார் வேலை? என் கொழுந்தன் வேலை. வீட்டுக்காரருடைய தம்பி, அடுத்த தெருக்காரன், பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்தவன். அங்கே எல்லாவற்றுக்கும் கிரீஸ் துப்பாக்கிதான். என் மகள் பிரசவத்துக்கு நான் போயிருந்த சமயம், அவன் தினமும் அண்ணனுக்கு ஒத்தாசைக்கு வந்துகொண்டிருந்தான். நான் திரும்பி வந்து பார்க்கிறேன், மெஷின் நிற்கிறது, கிண்ணம் நிறையக் கிரீஸ். வாசலில் வைத்து, நாலு பேர் பார்க்கக் கேட்டேன், நீதானே அடிச்சே என்று. அவன் ஒன்றும் சொல்லவில்லை. செய்தவன் என்னத்தைச் சொல்வான்? அண்ணன் முகத்தைப் பார்த்தான், செருப்பை மாட்டினான், போனான். நீல நிறச் சட்டை, மேல் பட்டன் இல்லை. வீட்டுக்காரர் டீயைக் குடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, விடு, போதும், எனக்கும் வயசாகுது என்று அறையைப் பூட்டினார். பூட்டியதுதான்.

அன்றிலிருந்து கொழுந்தனோடு பேச்சில்லை. வீட்டுக்காரர் கண்ணை மூடிய அன்றுகூட அவன் தெருமுனையில் நின்றான். வா என்று நான் சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

சண்டை. எனக்கும் மருமகளுக்கும்.

கிரீஸ் உள்ளே போய் இறுகிவிட்டது, பேரிங்கின் மூடியைக் கழற்ற வேண்டும் என்கிறாள். மூடிக்கு அடியில் காகிதம் மாதிரி மெல்லிய பித்தளைத் தகடுகள் இருக்கும். ஒன்று மாறினாலும் சுழலும் தண்டு ஆடும், அல்லது இறுகும். இந்த மெஷினை முன்பு ஒருமுறை கழற்றிப் பூட்டியவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் போய்விட்டார், இன்னொருத்தன் கொழுந்தன்.

அவன் இந்த வாசலை மிதித்தால் நான் வெளியே போய்விடுவேன் என்றேன்.

"சரி அத்தை. செருப்பு வாசல்லதான் இருக்கு."

எவ்வளவு நெஞ்சழுத்தம். அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு முதல் தேதி அங்க நிக்கிறதா இங்க நிக்கிறதான்னு தெரியணும். உங்க சண்டையை நான் எங்கயும் தூக்கிட்டுப் போக மாட்டேன். இங்கயேதான் இருக்கும், அப்புறம் போட்டுக்கலாம்" என்றாள்.

நான் செருப்பை மாட்டவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

வந்தான். ஆள் இளைத்திருக்கிறான். ஸ்பேனர்களைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தான். நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு குருவியிடம் சொன்னேன், வந்தவங்களுக்குத் தண்ணி வேணுமா கேளு என்று. "சின்னத் தாத்தா பக்கத்துலதான நிக்கிறாரு, அவருக்கே கேட்டிருக்குமே பாட்டி" என்றது அது. அவனும் விடவில்லை. தண்ணி அப்புறம், பாட்டிய முதல்ல அந்த மண்ணெண்ணெய் டப்பா மேல இருந்து கால எடுக்கச் சொல்லு என்றான்.

மூடியைக் கழற்றினார்கள். தகடுகள் எந்தப் பக்கம் எத்தனை இருந்தனவோ அப்படியே சுண்ணாம்புக் கட்டியால் பெயர் போட்ட தட்டில் வைத்தாள் மருமகள். கிரீஸைக் கரண்டியால் வழித்தோம். பழைய சோப்பு மாதிரி, கறுப்பாக. தண்டு அரித்துப் போயிருந்தால் எல்லாம் போச்சு. மருமகள் மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு சுற்றுத் துடைத்தாள்.

கண்ணாடி! நிஜமாகச் சொல்கிறேன், கண்ணாடி. என் மூக்கு அதில் தெரிந்தது. நாலைந்து மெல்லிய கீறல், அவ்வளவுதான். கொழுந்தன் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, நகத்துக்கே தட்டுப்படல என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சுவரைப் பார்த்துத்தான்.

மார்ச் 12, வியாழன்

திரிக்குக் கம்பளி நூல் வேண்டும். பருத்தி நூல் எண்ணெயை உறிஞ்சும், ஆனால் ஊறி அமுங்கிப்போய்ச் சரியாகச் சொட்டாது. வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் பெட்டியின் அடியில் நாத்தனார் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அளவு எடுக்காமல் பின்னிவிட்டு, உங்க கைதான் அப்படி அண்ணி என்று என்னையே சொன்னாள். நீளக் கையைப் பிரித்து நூலெடுத்தேன். பிரிக்கப் பிரிக்க என்ன ஒரு நிம்மதி. முறுக்கி, மெல்லிய கம்பியில் கோத்து, எண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன்.

நாத்தனாரைப் பாதி மன்னித்தாயிற்று. குட்டைக் கை இன்னும் இருக்கிறது.

மார்ச் 14, சனி

அசைந்தது. சக் அசைந்தது.

மூடியைப் பூட்டி, கிண்ணத்தில் மெல்லிய எண்ணெய் விட்டு, பெட்டில் கெட்டி எண்ணெய் தடவி, காத்திருந்தோம். திரி குடித்தது. சொட்டு இறங்குகிற சத்தம் காதில் கேட்காது, ஆனால் எனக்குக் கேட்டது. மருமகள் இரண்டு கையாலும் சக்கைப் பிடித்துத் திருப்பினாள். முதலில் முனகியது. பிறகு ஒரு கையால். பிறகு ஒரு விரலால். குருவியும் ஒரு விரலால். கொழுந்தன் வாசலில் பீடியைப் பற்ற வைக்காமலே வாயில் வைத்து நின்றான்.

இன்று நான் ஒரு தட்டு சாதம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

வயர்மேன் வந்து மோட்டாரை இணைத்தான். பேச்சுதான் வேலையைவிட அதிகம். எல்லாம் ரெடி என்றான். மருமகள் என்னைப் பார்த்து, நீங்க போடுங்க அத்தை என்றாள். எனக்கா? அந்த சுவிட்சை நான் துடைத்திருக்கிறேன், போட்டதில்லை. போட்டேன்.

சக் சுழன்றது. தலைகீழாக.

வயரை மாற்றி இணைத்திருக்கிறான், படுபாவி. இந்தச் சக் பழைய மாதிரி, தண்டில் மரையால் திருகி நிற்பது. எதிர்ப்பக்கம் ஓடினால் தானே கழன்று ஆள் மேல் விழும். "அணைங்க அத்தை" என்று மருமகள் போட்ட சத்தத்தில் சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டேன். நின்றது. பாதி மரை கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. வயர்மேன் சின்ன தப்புதானே பாட்டி என்றான். சின்னது உன் மூளைடா.

இன்னும் தூக்கம் வரவில்லை. பயத்தில் இல்லை. மோட்டார் ஓடுகிறது, அதில்.

மார்ச் 17, செவ்வாய்

ஓடுது ஓடுது ஓடுது. சரியான பக்கம்.

மார்ச் 19, வியாழன்

எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

காலையில் அரை மணி நேரம் ஓட விட்டோம். சக் பக்கத்துப் பேரிங் கொஞ்சம் சுட்டது. கொழுந்தன் புறங்கையை வைத்துப் பார்த்து, இறுக்கமா இருக்கு, ஒரு தகடு சேர்க்கணும் என்றான். திரும்பவும் பிடித்துக்கொண்டால்? முதல் தேதி வந்துகொண்டே இருக்கிறது. அந்த ஆத்திரத்தில் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் நேராக அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"ஏன், இந்தத் தடவை கிரீஸ் கொண்டாரலியா?"

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். கையைத் துடைத்தான், அவசரமே இல்லாமல், விரல் விரலாக.

"அண்ணி, நான் அடிக்கல."

"பின்ன யாரு, பேயா அடிச்சுது?"

"அண்ணன்."

அவன் சொன்னதை எழுதுகிறேன். நான் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. எண்ணெய்க் குப்பியை எடுத்தால் கிண்ணத்தில் ஒரு சொட்டு, பெட்டில் பத்துச் சொட்டு. தம்பி, நான் ஊத்துறேன் என்று கேட்டதற்கு, எனக்குத் தெரியும் போடா என்றிருக்கிறார். கிரீஸ் துப்பாக்கி என்றால் இரண்டு கையாலும் பிடித்து அழுத்தலாம். ஒருமுறை அடித்தால் நான் வருகிறவரை தாங்கும் என்று அடித்திருக்கிறார். மறுநாளே சூடாகிப் பிடித்துக்கொண்டது.

"சொல்லாதேன்னு கையப் பிடிச்சுக்கிட்டாரு அண்ணி. கடையறவன் கை நடுங்குதுன்னா ஒருத்தன் வேலை தருவானா, வீட்டுக்காரிதான் மதிப்பாளான்னாரு. அந்தக் கை நடுங்குனது இப்பவும் என் கையில இருக்கு."

"நீ வாயத் திறந்திருக்கலாம்ல?"

"நீங்க திறக்க விட்டீங்களா?"

அவன் தகடு ஒன்றைச் சேர்த்துப் பூட்டினான். ஓட விட்டார்கள். சுடவில்லை.

நான் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறவள். அவர் அதற்கப்புறம் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார், ஞாபகம் இருக்கிறது. ஏன் என்று கேட்டேன், அதுவும் இருக்கிறது. குளிருது என்றார். வெயில் காலம். போர்வை எடுத்துக் கொடுத்தேனே. அதையும் வாங்கிப் போர்த்திக்கிட்டாரே மனுஷன்!

மார்ச் 20, வெள்ளி

லேத் அறைக்குப் போகவில்லை.

மார்ச் 23, திங்கள்

பம்ப் கடைக்காரர் மாதிரிக்கு ஒரு வேலையோடு வந்தார். பம்பின் தண்டில் மாட்டுகிற, ஒரு முனை மூடிய குழாய் மாதிரி ஒரு புஷ், பழையது வெடித்துவிட்டது, அதேபோல் ஒன்று. தண்டையும் கொண்டு வந்திருந்தார், மாட்டிப் பார்க்க. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. இன்றும் இல்லை.

நான் சமையலறையில் இருந்தேன். மெஷின் சத்தம் கேட்கவில்லை. என்ன என்று எட்டிப் பார்த்தால், மருமகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அவர் முன்னாலேயே சொல்கிறாள்: "எண்ணெய் விடாம நான் சுவிட்சத் தொட மாட்டேன். அது எங்க அத்தை வேலை." கடைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கொழுந்தன் விட்டத்தைப் பார்க்கிறான். குப்பி மேஜைமேல் இருக்கிறது, நீட்டினால் அவர்களில் யார் கைக்கும் எட்டும்.

போனேன். சக் பக்கம், பின் பக்கம், பல்சக்கரம், திருகாணி, கேரேஜ். குனிந்து அந்தப் பட்டினித் துளைக்கும். ஒரு சொட்டும் வெளியே போகவில்லை.

மருமகள் கடைந்தாள். சுருள் நீளமாக, நீலமாக, அறுபடாமல் வந்துகொண்டே இருந்தது. அவர் காலத்தில்கூட அப்படி நீளமாக வந்ததில்லை. வந்திருந்தால் எனக்கு ஞாபகம் இருக்கும். கடைசியில் மெல்லச் சீவி, அளந்து, இன்னும் ஒரு சீவல், திரும்ப அளந்து, எடுத்துக் கொடுத்தாள். கடைக்காரர் மைக்ரோமீட்டரை இந்த முனையில் வைத்தார், அந்த முனையில் வைத்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் வைத்தார். பிறகு தண்டில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளினார். உள்ளிருந்த காற்று உஸ்ஸென்று வெளியேற, வழுக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றது. உருவினார். திரும்பவும் தள்ளினார். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் தள்ளினார், எனக்குத் தெரியும்.

"அடுத்தது எப்பம்மா தருவே?" என்றார்.

மருமகள் நாளைக்கு என்று முணுமுணுத்தாள். நான்தான் உரக்கச் சொன்னேன், நாளைக்கு, நாளைக்கு, நாளைக்கே என்று.

ஏப்ரல் 5, ஞாயிறு

முதல் தேதி வந்தது, போனது. மருமகளின் பெட்டி பரண்மேல் ஏறிவிட்டது. பெட்டிக்குள் குருவி தன் பொம்மைகளைக் குடி வைத்திருக்கிறது.

காலையில் சமையலறைக்கு முன்னால் லேத் அறைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் எண்ணெய் விட்டுத் துடைத்து வைக்கிறேன், சும்மா நின்றாலும் துரு பிடிக்கும். கொழுந்தன் தினமும் வருகிறான். டீயில் சர்க்கரை போதவில்லை என்கிறான், நான் வேண்டுமென்றே போடுவதில்லை. வாசலில் நின்று பேசுகிறவனை உள்ளே வந்து உட்கார் என்று நேற்றுச் சொன்னேன். உட்கார்ந்தான்.

பெரியவனை மன்னித்தாயிற்று, இந்த மாதம் லாரியில் எங்கள் சரக்கைத்தான் ஏற்றிப் போகிறான். வயர்மேனையும் மன்னித்தாயிற்று, ஆனால் இனி அவன் கை வைத்ததை மருமகள் பார்க்காமல் ஓட்டுவதில்லை. கொழுந்தன் கணக்கு தீர்ந்தது. அந்த நீலச் சட்டைக்கு மேல் பட்டன் நான் தைத்துத் தந்திருக்கலாம், அவனிடம் இப்போது அந்தச் சட்டையே இல்லை.

ஒருத்தரை மட்டும் முடியவில்லை. கை நடுங்குது, வந்து ஊத்து என்று ஒரு கடுதாசி போட்டிருந்தால் மறு பஸ்ஸில் வந்திருப்பேன். என் கை நல்லாத்தானே இருந்தது? இருந்த காலம் பூராவும் பக்கத்திலேயே படுத்து எழுந்து, அந்தக் கையை என்னிடமிருந்து போர்வைக்குள் ஒளித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். யாரை வேண்டுமானாலும் விடுவேன். என் வீட்டுக்காரரை மன்னிக்க மாட்டேன்.